கரை நகரும் துறை: பூலாம்பட்டி முதல் பண்ணவாடி வரை மூன்று நாள்

கிளம்புவதற்கு முந்தைய இரவு, சேலம்

சேர்வராயன் மலையில் பெய்யும் மழை பல வழிகளில் காவேரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து தெற்கே ஓடுகிறது. சரபங்கா ஓமலூர், எடப்பாடிப் பக்கம் சுற்றி மேட்டூருக்குக் கீழே ஆற்றில் சேர்கிறது. தொப்பையாறு மட்டும் நேராக மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள்ளேயே விழுகிறது. கடலே இல்லாத இந்த மாவட்டத்துக்கு ஒரு மீன்பிடித் துறைமுகம் உண்டென்றால் அது இந்த நீர்த்தேக்கம்தான். 1934 முதல் இங்கே பரிசல் ஓடுகிறது, வலை விழுகிறது, மீன் கரையேறுகிறது. அந்தக் கரை ஒரே இடத்தில் நிற்காது என்பதுதான் மற்றத் துறைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் பையைக் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது அணையின் தினசரி நீர் நிலவரம். நாளிதழ்களில் நான்கு எண்கள் வரும்: நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் அது 1 டிஎம்சி. அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அந்த அகலத்தில் ஓர் அடி ஏற ஏறக்குறைய 1.65 டிஎம்சி வேண்டும், அதாவது நாள் முழுக்க வினாடிக்கு 19,000 கன அடி வரத்து. மட்டம் இறங்க இறங்கப் பரப்பு சுருங்கும். அப்போது அதே அளவு தண்ணீர் வெளியேறினாலும் மட்டம் வேகமாகச் சரியும்.

இதைப் பயணக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நூறு அடி நடந்தால் இரண்டு அடி இறங்குகிற சரிவான கரையில், மட்டம் ஓர் அடி குறைந்தால் தண்ணீர் 50 அடி பின்வாங்கும். பத்து அடி குறைந்தால் 500 அடி. போன மாதம் படகு நின்ற இடத்தில் இந்த மாதம் மாடு மேயும். "துறை எங்கே?" என்று கேட்டு வருபவர்கள் பழைய படத்தைக் காட்டிக் குழம்புவது இதனால்தான்.

வெளியேற்ற எண்ணும் முக்கியம். டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் போகும். சித்திரையில் குடிநீருக்கு மட்டுமே திறப்பார்கள் என்பதால் அணைக்குக் கீழே ஆறு அடங்கியிருக்கும், மேலே ஏரி சுருங்கியிருக்கும். இந்தப் பயணத்துக்குச் சித்திரையைத் தேர்ந்தெடுத்த காரணம் அதுதான். வெயில் கடுமை. ஆனால் மூழ்கிய ஊர்கள் வெளியே தெரிவது தண்ணீர் வற்றும் இந்தக் காலத்தில்தான்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், நனைந்தாலும் வழுக்காத வார் செருப்பு, கைப்பேசிக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, சில்லறை. சேலத்துத் தட்டுவடை செட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போனால் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். தட்டுவடையையும் துருவலையும் சட்னியையும் தனித்தனியாகக் கொண்டுபோய்ப் படகுத்துறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள், பூலாம்பட்டி

சேலத்திலிருந்து மகுடஞ்சாவடி, கொங்கணாபுரம் வழியாக எடப்பாடி, அங்கே பேருந்து மாறினால் பூலாம்பட்டி. காவேரியின் இடக்கரை ஊர். எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. இரண்டுக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. தென்னையும் வாழையும் கரும்பும் சூழ்ந்த கரை, மேற்கே பாலமலை, நடுவில் அசையாத அகலமான தண்ணீர். இதைக் குட்டிக் கேரளா என்று சொல்லிச் சொல்லியே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெருகிவிட்டது. வார நாளில் வருவது நல்லது.

சித்திரையிலும் இங்கே தண்ணீர் நிறைந்து நிற்பது ஏன் என்று தெரிந்துகொண்டால் நாளைக்கும் மறுநாளைக்கும் பார்க்கப்போவது புரியும். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் குறுக்கே வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. உயரத்திலிருந்து கொட்டும் தண்ணீரில் ஓடும் நிலையங்கள் அல்ல இவை. சில அடி உயர வித்தியாசத்தை வைத்தே மின்சாரம் எடுப்பவை. அதற்காகக் கதவுகளை இறக்கித் தண்ணீரை ஒரே மட்டத்தில் தேக்கி வைக்கிறார்கள். மின்சாரத்துக்குத் தேக்கிய அந்தத் தண்ணீரில்தான் படகு ஓடுகிறது. ஆகவே பூலாம்பட்டித் துறை நகராது. படிக்கட்டு கட்டிய இடத்திலேயே படகு வந்து நிற்கும்.

படகு நிற்பது மூன்று சமயங்களில். மேட்டூரிலிருந்து உபரிநீர் பெரிய அளவில் வரும்போது நிறுத்திவிடுவார்கள். கதவணைப் பராமரிப்புக்காகத் தேக்கிய நீரை வெளியேற்றும் நாட்களில் பாறை தெரியும் அளவுக்கு ஆறு வற்றிவிடும், அப்போதும் படகு இல்லை. மூன்றாவது ஆகாயத்தாமரை. நீரோட்டம் இல்லாத இடத்தில் அது பாய்போலப் பரவிக் காற்றடிக்கும் பக்கத்துக் கரையில் வந்து அடையும். அதன் வேர்க்கொத்து விசிறியில் சுற்றினால் எஞ்சின் திணறும். ஓட்டுபவர் உடனே எஞ்சினை அணைத்துவிட்டுச் சுற்றிய கொடியை அறுத்தெடுப்பார். அந்த நேரத்தில் எழுந்து எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதே பயணிகள் செய்யும் உதவி.

இருசக்கர வண்டியோடும் ஏறலாம். பலகை வழியாக ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். பக்க ஸ்டாண்டில் சாய்த்து விடக்கூடாது. படகு சாயும் பக்கமே வண்டியும் சாயும். நடு ஸ்டாண்டு போட்டு ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சரி. உட்காரும்போது இரண்டு பக்கமும் சமமாக ஆள் இருக்க வேண்டும். படமெடுக்க எல்லாரும் ஒரே பக்கம் நகர்வது எந்தப் படகிலும் ஆபத்து. உயிர்காக்கும் மேலங்கியை மடியில் வைத்துக்கொள்வதால் பயன் இல்லை. போட்டு, வார்களை இறுக்க வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் அளவு மேலங்கியை மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும்.

கரையில் மீன் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சாப்பிட்டு முடித்ததும் இலையையும் பாட்டிலையும் ஆற்றில் எறியாதீர்கள். ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் சிக்கும் பிளாஸ்டிக்கை யாராலும் எடுக்க முடிவதில்லை.

இரண்டாம் நாள், மேட்டூர்

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு வந்தால் பார்க்க எதுவும் மிஞ்சாது.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வலை விடுவார்கள், விடியும்போது எடுப்பார்கள். பெரும்பாலும் செவுள் வலை. தண்ணீருக்குள் சுவர்போலத் தொங்கும். மேல்கயிற்றில் மிதவை, கீழே கனத்துக்கு ஈயக்குண்டு அல்லது கல். மீன் தலையை நுழைத்து, உடம்பு போகாமல் திரும்பப் பார்க்கும்போது செவுள் மாட்டிக்கொள்ளும். கண்ணியின் அளவுதான் எந்த மீன் சிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கண்ணி சிறுத்தால் ஒரு முறைகூட முட்டையிடாத குஞ்சு மீன் மாட்டும், அடுத்த ஆண்டின் மீன் இன்றைக்கே போய்விடும். மீன்வளத் துறை உரிமம் பெற்றவர்கள்தான் இங்கே பிடிக்கலாம். கரையோரம் நெடுக, மேட்டூர் தொடங்கி ஒகேனக்கல் திசையில் ஏமனூர் வரை, மீனவர் முகாம்கள் இருக்கின்றன. பலர் குடும்பத்தோடு அந்தக் கரையிலேயே தங்கி, தண்ணீர் பின்வாங்கும்போது கொட்டகையையும் கூடவே நகர்த்திக்கொண்டு போகிறவர்கள்.

அவர்கள் ஏறிப்போவது பரிசல். அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும்போது நிதானமாகப் பாருங்கள், அவ்வளவு அறிவு அதில் இருக்கிறது. பச்சை மூங்கிலைப் பிளந்து, பட்டைகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அறுகோணக் கண் வரும்படி பின்னுவார்கள். நடுவில் கல்லை ஏற்றி அடிப்பாகத்தை அமுக்கி வைத்து, ஓரத்துப் பட்டைகளை மேலே வளைத்து, விளிம்பை மெல்லிய பட்டைகளால் தடிமனாகச் சுற்றிக் கட்டுவார்கள். பரிசலின் பலமெல்லாம் அந்த விளிம்பில்தான். அது தளர்ந்தால் வட்டம் கோணும், கோணினால் ஒரு பக்கம் தாழும். முன்பு அடியில் எருமைத் தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கைத் தைத்துப் போர்த்தி, தாரைக் காய்ச்சிப் பூசும் வழக்கம் வந்தது. வெயிலில் தார் இளகும், பாறையில் உரசினால் உரியும். அதனால் ஓட்டுபவர் கரையேறியதும் பரிசலைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்ப்பார். சிறு ஓட்டையைக் கரையிலேயே துணித்துண்டும் தாரும் வைத்து அடைத்துவிடலாம். இப்போது பைபர் பரிசல்களும் நிறைய வந்துவிட்டன. தார் வேலை மிச்சம். ஆனால் விரிசல் விட்டால் ஒரு துண்டுத் துணியால் சரிசெய்ய முடியாது.

வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடியில் முதுகுக்கட்டை இல்லாததால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும். பாறையில் இடித்தால் உடையாமல் சுழன்று விலகும். ஓர் ஆள் முதுகில் தூக்கிப் போகலாம். துடுப்பை ஓட்டுபவர் தமக்கு முன்னால் போட்டு, இடமும் வலமுமாக மாற்றித் தண்ணீரைத் தம் பக்கம் இழுப்பார். பக்கவாட்டில் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். அதன் ஒரே பகை காற்று. பிடித்து நிற்க எதுவும் இல்லாததால் காற்று தள்ளும் பக்கம் போய்விடும். சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே அணை நிற்கிறது. அந்த இடுக்கில் ஆடி மாதம் காற்று வீசினால், அம்மியை நகர்த்தும் காற்று என்று ஏன் சொன்னார்கள் என்று தெரியும். அகன்ற ஏரியில் அப்போது அலை எழும். ஆடியில் மதியத்துக்கு மேல் யாரும் துணிந்து நடு ஏரிக்குப் போவதில்லை.

மீன்பிடிப் பரிசலில் உல்லாசச் சவாரி கேட்காதீர்கள். வலையும் மீனும் ஏற்றும் சிறு பரிசல் அது. ஓட்டுபவரோடு இரண்டு பேருக்கு மேல் தாங்காது. கரையில் நின்று "அண்ணா, இன்னிக்குப் பாடு எப்படிங்க?" என்று கேட்டால் போதும், வலையைப் பிரித்துக்கொண்டே எல்லாம் சொல்வார்கள்.

இன்றைய வலைகளில் கட்லா, ரோகு, ஜிலேபி அதிகம். கெளுத்தியும் வாளையும் கொஞ்சம். ஆரால் இரண்டொன்று. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றுமே வடநாட்டு ஆறுகளின் மீன்கள். மனிதர் கொண்டுவந்து விட்டுக் காவேரியில் நிலைத்தவை. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியா ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. போனதும் உண்டு. கடலிலிருந்து காவேரியில் எதிரேறி வந்த உல்லம் மீன், அணை கட்டி வெள்ளம் அடங்கிய பிறகு அருகிப்போனது. ஓர் அணை நெல்லுக்குக் கொடுத்ததை எழுதும்போது மீனிடமிருந்து எடுத்ததையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

வாங்குபவர்களுக்கு: செவுளைத் தூக்கிப் பார்த்தால் ஈரச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே எழும்ப வேண்டும். ஏரி மீனில் சில காலம் சேற்று வாடை அடிக்கும். நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் ஒரு பொருள்தான் காரணம். புளிப்பு பட்டால் அது சிதையும். துண்டுகளைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கெட்டிப் புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி கழுவினால் வாடை வெகுவாகக் குறையும். ஆராலின் வழுவழுப்புக்கு அடுப்புச் சாம்பல் சிறந்தது. கட்லா முள் பெரிது, குழம்புக்கு ஏற்றது. சின்ன ரோகுவில் பொடிமுள் நிறைய, குழந்தைகளுக்கு வேண்டாம்.

நீர்மட்டம் குறைந்து தண்ணீர் தேங்கியிருக்கும் காலங்களில் கரையோரம் பச்சைப் பாசி படர்ந்து நாற்றம் எடுக்கும். பகலில் உயிர்வளி தரும் பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். விடியும் முன் தண்ணீரில் உயிர்வளி மிகவும் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும், சில சமயம் கூட்டமாகச் செத்து மிதக்கும். அப்படி மிதந்ததை மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

பிற்பகலில் அணை. 1924-ல் காவேரியில் பெருவெள்ளம் வந்தது. மறு ஆண்டே கட்டத் தொடங்கி 1934 ஆகஸ்டு 21-ல் திறந்தார்கள். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் நீர்த்தேக்கத்துக்கு, தலைமைப் பொறியாளர் எல்லீஸின் பெயர் உபரிநீர்ப் போக்கிக்கு. அணையின் நீளம் 5,300 அடி. உபரிநீர் போகும் 16 கண் மதகில் ஒவ்வொரு கதவும் 60 அடி அகலம், 20 அடி உயரம். சித்திரையில் மதகுக்குக் கீழே வெறும் பாறைதான். அணை நிரம்பினால் நிற்கும் பாலமே அதிரும்.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று மேட்டூர், அணைக்கட்டு முனியப்பன் கோயிலுக்கும் நீராடவும் வருகிறவர்களின் ஊர்.

மூன்றாம் நாள், பண்ணவாடி

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி. பேருந்து குறைவு. காலை வண்டியைத் தவறவிட்டால் கொளத்தூரிலிருந்து ஆட்டோதான்.

சாலை முடியும் இடத்தில் துறை இல்லை. இந்த முறை நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே. ஏரியின் தரையில் இறங்கி நடந்துதான் தண்ணீரைத் தொட வேண்டும். நடக்கும் வழியெல்லாம் வயல். தண்ணீர் பின்வாங்கிய வண்டலில் எள்ளும் நிலக்கடலையும் சோளமும் போட்டிருக்கிறார்கள். அணை நிரம்பத் தொடங்குவதற்குள் அறுத்துவிட வேண்டிய பந்தயப் பயிர் அது. கர்நாடகத்தில் மழை ஒரு வாரம் முந்தினால் கதிரோடு மூழ்கும். வரப்பைவிட்டு வயலுக்குள் இறங்காதீர்கள். வயல் இல்லாத இடத்தில் வண்டித்தடத்தின் மேலேயே நடங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் மேலே வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும் வண்டல், அடியில் களியாக இருக்கும். கால் முட்டிவரை இறங்கினால் இழுத்து எடுக்கச் செருப்பு மிஞ்சாது. இறங்கிவிட்டால் உதறக் கூடாது. பின்னால் உட்கார்ந்து, காலை மெல்ல ஆட்டித் தளர்த்தி எடுக்க வேண்டும்.

இந்தத் தரை ஓர் ஊராக இருந்தது. அணைக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர்களின் மக்கள் மேட்டுக்குப் போய்க் குடியேறினார்கள். கோயிலும் ஆலயமும் நின்ற இடத்திலேயே நின்றன. நீர்மட்டம் 80 அடியை ஒட்டி இறங்கும்போது கிறித்தவ ஆலயத்தின் கோபுரம் முதலில் தலைகாட்டும். இன்னும் ஏறக்குறைய பத்து அடி இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுதாக வெளியே வரும். இன்று கோபுரம் நன்றாகத் தெரிகிறது, நந்திக்குத் தலையும் திமிலும் மட்டும். தொண்ணூறு ஆண்டாக மூழ்கியும் எழுந்தும் வரும் கட்டுமானம். நனைந்து காய்ந்து நனைந்து செங்கல் இற்றிருக்கிறது. அதன்மேல் ஏறிப் படமெடுப்பதும், பெயர் கிறுக்குவதும் செய்யாதீர்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது காட்சிப்பொருள் அல்ல, தாத்தா பாட்டி கும்பிட்ட சாமி. இன்றும் விளக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். படகிலிருந்து போகும்போதும் ஓட்டுபவரிடம் நெருங்கச் சொல்ல வேண்டாம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் சுவர்களின் தலை எங்கே நிற்கிறது என்று மேலிருந்து தெரியாது. வலை கிழிவதும் அதே சுவர்களில்தான்.

எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரை. படகில் போனால் சிறிது நேரம், சாலையில் என்றால் அணையைச் சுற்றிக்கொண்டு பெரும் பயணம். அதனால் இந்தப் படகில் சுற்றுலாக்காரர்களைவிடச் சந்தைக்குப் போகிறவர்களும் கல்யாணத்துக்குப் போகிறவர்களுமே அதிகம். அவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள். ஏறும் இடத்தில் கல்லின் மேல் பலகை போட்டிருப்பார்கள். கரையில் நின்று கைகொடுக்கும் பெரியவர் "பாத்து ஏறு கண்ணு, நடுவுல உக்காரு" என்பார். அப்படியே செய்யுங்கள். ஓரத்தில் ஏறினால் படகு கரையைவிட்டு விலகும், கால் பலகைக்கும் படகுக்கும் நடுவே மாட்டும்.

நாகமரைக் கரையிலும் இதேபோல ஏரித்தரையில் நடை. மேலே ஏறினால் ஏரியூர்ப் பக்கம் போகும் பேருந்து கிடைக்கும். பண்ணவாடிக்கே திரும்புவதாக இருந்தால், இறங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பலகையில் எழுதிய நேரத்தை நம்ப முடியாது. காற்று எழுந்தால் முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். இன்று நான்கரைக்குக் கிளம்பிவிட்டது. எதிரே, பண்ணவாடிப் பக்கத்திலிருந்து வலை ஏற்றிய பரிசல்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மிதவைகள் வரிசையாக நீளும் பக்கத்தைப் பார்த்து, விசிறியில் வலை சிக்காதபடி படகைச் சுற்றி வளைத்துக் கரை சேர்த்தார் ஓட்டுபவர்.